ஏ.எஃப். உள்ளவருக்குத் திடீர் வயிற்றுவலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பதாக டாக்டர் சொல்லியிருப்பார். சுருக்கமாக ஏ.எஃப்.; இதயம் தாளம் தப்பித் துடிக்கும் நோய். பக்கவாதம் வரலாம், மாத்திரையை விடாதீர்கள் என்றும் எச்சரித்திருப்பார். வயிற்றைப் பற்றிய பேச்சு மட்டும் பெரும்பாலும் வந்திருக்காது. அதனால்தான் அவர்களுக்கு ராத்திரியில் வயிறு வலித்தால் ஓமத்தண்ணீரும் சோடாவும் முதலில் வருகின்றன, ஆம்புலன்ஸ் கடைசியில் வருகிறது. அந்த வரிசை மாற வேண்டும் என்பதற்காக எழுதியது இது.

இதயக் கோளாறுக்கும் வயிற்றுவலிக்கும் என்ன சம்பந்தம்?

ஏ.எஃப். வந்தால் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும், தேங்கிய ரத்தம் உறையும். இடது மேலறையின் ஓரத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு துணைப்பை இருக்கிறது. வால்வு நோய் இல்லாத ஏ.எஃப்.காரர்களுக்கு இதயத்தில் உண்டாகும் ரத்தக்கட்டிகளில் சுமார் 90 சதவீதம் அதற்குள்தான் உண்டாகின்றன.

கட்டி அங்கிருந்து பிய்த்துக்கொண்டால் பெருந்தமனிக்குள் போய்விடும். மேலே ஏறினால் மூளை, அதுதான் பக்கவாதம். கீழே இறங்கினால் குடல், சிறுநீரகம், மண்ணீரல், கால். மூளைக்குப் போவதே அதிகம். குடலுக்குப் போவது குறைவு, ஆனால் போனால் உயிருக்கே ஆபத்து.

நேர் எதிரான இன்னொரு வழியும் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையால் வயிற்றுக்குள்ளோ வயிற்றுச் சுவரிலோ ரத்தம் கசியலாம். ஆக, ஏ.எஃப். உள்ளவரின் வயிற்றுவலியில் டாக்டர் ஒரே நேரத்தில் இரண்டையும் யோசிக்க வேண்டும்: ரத்தம் போகாமல் அடைத்திருக்கிறதா, வெளியே கசிகிறதா?

கட்டி குடலுக்குப் போவது எப்படி?

வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து பிரியும் மேல் குடல் தமனிதான் சிறுகுடல் கிட்டத்தட்ட முழுவதற்கும், பெருங்குடலின் முதல் பாதிக்கும் ரத்தம் தருகிறது. ஈரலுக்கும் இரைப்பைக்கும் போகும் குழாய் பெருந்தமனியிலிருந்து ஏறக்குறைய செங்கோணத்தில் பிரியும். இது அப்படியில்லை. சாய்வாகப் பிரிந்து கீழ்நோக்கி ஓடுகிறது. ஆற்றோடு மிதந்து வரும் கட்டை அதே போக்கில் பிரியும் கால்வாய்க்குள் சுலபமாக நுழைந்துவிடும், இல்லையா? அதேதான் இங்கும்.

நுழைந்த கட்டி தமனியின் வாயில் நிற்காமல் சில சென்டிமீட்டர் உள்ளே போய், குழாய் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். அதற்கு முன்பே பிரிந்துவிடும் சின்னக் கிளைகள் தப்பிக்கும். வயிற்றைத் திறக்கும் சர்ஜனுக்கு இது கண்ணிலேயே தெரியும். சிறுகுடலின் தொடக்கத்தில் கொஞ்ச நீளம் இளஞ்சிவப்பாக, உயிரோட்டமாக இருக்கும். அதற்கு அப்பால் குடல் வெளிறிப்போயிருக்கும், அல்லது கருநீலமாக, அசைவில்லாமல் கிடக்கும்.

சாதாரண வாயுவலியிலிருந்து இதை எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

வீட்டில் வைத்து உறுதியாகப் பிரிக்க முடியாது. அதை முதலில் ஒப்புக்கொள்வது நல்லது. ஆனால் சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் உண்டு.

வலி சட்டென்று தொடங்கும். எத்தனை மணிக்கு என்று கேட்டால் நோயாளியே சொல்லிவிடுவார்: "பாத்ரூம் போய்ட்டு வந்து படுத்தேன், அப்பப் பிடிச்சுது." பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி இருக்கும். படுத்தாலும் உட்கார்ந்தாலும் குனிந்தாலும் நிம்மதி கிடைக்காது. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வாந்தி, அல்லது ஒன்றிரண்டு முறை அவசரமாக மலம் கழித்தல். ரத்த ஓட்டம் திடீரென்று நின்றதும் குடல் பலமாகச் சுருங்கி உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவதால் இப்படி நடக்கிறது. பேதி போனதைப் பார்த்து "சாப்பாடு ஒத்துக்கல" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கடுமையான திடீர் வலி, கூடவே வாந்தியோ பேதியோ, கட்டி வரக்கூடிய ஒரு இதய நோய்: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் என்று நிரூபணமாகும் வரை குடல் தமனி அடைப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பு எப்போதாவது பக்கவாதமோ காலில் ரத்தக்குழாய் அடைப்போ வந்தவர் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

வயதும் முக்கியம். பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், 75 வயதுக்கு மேற்பட்டவர்களின் அவசர வயிற்றுவலிக்கு அப்பெண்டிக்ஸ் அழற்சியைவிடக் குடல் ரத்தத்தடைதான் அதிகமாகக் காரணமாக இருந்தது.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து "மெத்தென்று இருக்கிறது, பயமில்லை" என்றார். நம்பலாமா?

அதை மட்டும் வைத்து நம்ப முடியாது. ஏ.எஃப். உள்ளவர் வலியில் துடிக்கும்போது வயிறு மெத்தென்று இருந்தால், சந்தேகம் கூடத்தான் வேண்டும்.

குடல் சுவரின் உள்பூச்சுக்குத்தான் ரத்தம் அதிகம் தேவை. அதனால் ரத்தம் நின்றதும் சேதம் உள்ளேயிருந்து வெளியே பரவுகிறது. வயிற்றின் உட்புறச் சவ்வு உறுத்தப்பட்டால்தான் வயிறு விறைக்கும், அமுக்கினால் கத்துவார்கள். சேதம் வெளிச்சுவர் வரை வந்தால்தான் அது நடக்கும். அதற்குள் பல மணி நேரம் ஓடியிருக்கும். நோயாளி சொல்லும் வலிக்கும் கை சொல்லும் வயிற்றுக்கும் பொருத்தமே இல்லாமல் இருப்பதுதான் இந்த நோயின் ஆரம்ப முகம். வயதானவர் சத்தம் போட்டால் "இவங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஒதுக்குவது நம் வீடுகளில் சகஜம். தயவுசெய்து இந்த ஒரு வலியில் அப்படிச் செய்யாதீர்கள்.

சில மணி நேரத்தில் வலி தானாகவே குறைந்துவிட்டது. இனி போகத் தேவையில்லையே?

போக வேண்டும். குடல் சாகத் தொடங்கும்போது வலியைச் சொல்லும் நரம்புகளும் செயலிழக்கின்றன. அதனால் நடுவில் ஓர் அமைதி வரும். நோயாளி கொஞ்சம் தூங்கக்கூடச் செய்வார். பிறகு வயிறு உப்பும், காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் இறங்கும், மனம் குழம்பும், மலத்தில் ரத்தம் வரும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது மிகக் கடினம். ரத்த ஓட்டம் முழுதாக நின்றால் சுமார் 6 மணி நேரத்தில் குடல் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும் என்பது பொதுவான கணக்கு. தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துவிடுகிறார்கள்.

எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்? வயிற்று ஸ்கேன் நார்மல் என்று வந்திருக்கிறதே?

"ஸ்கேன்" என்று பலரும் சொல்வது அல்ட்ராசவுண்டை. பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல்லுக்கு அது நல்ல கருவி. குடல் தமனி அடைப்பு அதில் தெரியாமலே போகலாம், குடலில் காற்று நிறைந்திருந்தால் இன்னும் மோசம். சாதாரண எக்ஸ்-ரேயும் ஆரம்பத்தில் நார்மலாகவே இருக்கும்.

வேண்டியது சிடி ஆஞ்சியோகிராம். கையில் உள்ள சிரை (ரத்தக்குழாய்) வழியாகச் சாயமருந்து செலுத்தி, வயிற்றுத் தமனிகளைப் படம் பிடிப்பது. சில நிமிட வேலைதான். கட்டி எங்கே இருக்கிறது, குடல் எவ்வளவு பாதித்திருக்கிறது, வயிற்றில் ரத்தக்கசிவு உண்டா என்று எல்லாவற்றுக்கும் ஒரே படம் பதில் சொல்லும். வாய் வழியாகச் சாயம் குடித்துக் காத்திருக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு தடங்கல் அடிக்கடி வரும்: "கிரியாட்டினின் அதிகமாக இருக்கிறது, சாயம் கொடுத்தால் கிட்னி கெட்டுவிடும்." கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு. கவலை நியாயமானதுதான். ஆனால் குடல் அடைப்பைச் சந்தேகிக்கும் இடத்தில் அதற்காக சிடியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே உலக அளவிலான அவசர அறுவைச் சிகிச்சை வழிகாட்டுதல். சிறுநீரகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், குடல் போனால் போனதுதான்.

திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் என்ற பொருளையும் பார்ப்பார்கள். அது உயர்ந்திருந்தால் எச்சரிக்கை. நார்மலாக இருந்தால் நிம்மதி அடைய முடியாது, ஆரம்ப மணிகளில் அது ஏறாமலே இருக்கலாம்.

உறவினராக நீங்கள் டாக்டரிடம் பணிவாகக் கேட்கலாம்: "இவங்களுக்கு ஏ.எஃப். இருக்கு சார், குடலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்குமோ? சிடி ஆஞ்சியோ தேவைப்படுமா?" அப்படிக் கேட்பது அவருக்குப் பாடம் எடுப்பதாகாது. ஒரே ராத்திரியில் பலரைப் பார்க்கும் ஒருவருக்கு உதவி அது.

உறுதியானால் என்ன செய்வார்கள்?

சிரை வழியாகத் திரவம், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், ஆன்டிபயாடிக் உடனே தொடங்கும். கட்டியை எடுக்க இரண்டு வழிகள். குடல் இன்னும் சாகவில்லை என்று தெரிந்தால், வசதியுள்ள மருத்துவமனைகளில் தொடையிலோ கையிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை உறிஞ்சி எடுப்பார்கள். வயிறு விறைத்துவிட்டால் திறந்தாக வேண்டும். தமனியில் சிறிய கீறல் போட்டு, முனையில் பலூன் உள்ள குழாயைக் கட்டியைத் தாண்டிச் செலுத்தி, பலூனை ஊதி, மெல்ல இழுத்தால் கட்டி வெளியே வரும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க சர்ஜன் தாமஸ் ஃபோகார்ட்டி அறிமுகப்படுத்திய குழாய் அது, இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

செத்துப்போன குடலை வெட்டி எடுத்துவிடுவார்கள். சந்தேகமான பகுதியை விட்டுவைத்து, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடியும் திறந்து பார்ப்பதும் உண்டு. "இரண்டாவது ஆபரேஷனா, முதலாவது சரியாகச் செய்யவில்லையா?" என்று குடும்பம் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். முடிந்தவரை குடலைக் காப்பாற்றத்தான் அந்த இரண்டாவது பார்வை. சிறுகுடல் 200 சென்டிமீட்டருக்கும் குறைவாக மிஞ்சினால் உணவை உறிஞ்சுவதே சிக்கலாகிவிடும், ஆகவே மிச்சப்படும் ஒவ்வொரு சாணும் முக்கியம்.

விலாவில் வலி, கிட்னியில் கல் இருக்கும் என்றார்கள். கல் எதுவும் தெரியவில்லை. பிறகு?

கட்டி சிறுநீரகத் தமனியை அடைத்திருக்கலாம். விலாவில் திடீர் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் என்று அச்சு அசலாகக் கல்வலி போலவே இருக்கும். கல்லைத் தேடும் சிடி சாயமில்லாமல் எடுக்கப்படுவதால் அடைப்பு அதில் தெரியாது. ரத்தத்தில் எல்டிஹெச் என்ற நொதி மிக உயர்ந்திருந்தால் அது நல்ல துப்பு. ஏ.எஃப். உள்ளவருக்குக் "கல் இல்லாத கல்வலி" வந்தால் சாயத்தோடு சிடி எடுக்க வேண்டும்.

இடது விலா எலும்புகளுக்குக் கீழே வலித்து, மூச்சை இழுத்தால் கூடி, இடது தோளுக்கும் பரவினால் மண்ணீரல் பாதித்திருக்கலாம்.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். அப்படியும் வருமா?

அடைப்பு வருவது வெகுவாகக் குறையும், முழுதாக இல்லாமல் போகாது. அப்போது பட்டியலில் மேலே வருவது ரத்தக்கசிவு.

கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது வயிற்றுச் சுவர் ரத்தக்கட்டு. நாலைந்து நாள் விடாமல் இருமியிருப்பார். ஒரு இருமலில் அடிவயிற்றில் ஒரு பக்கம் சுரீரென்று வலி, கொஞ்ச நேரத்தில் கைக்குத் தட்டுப்படும் வீக்கம். மல்லாந்து படுத்தபடி தலையைத் தூக்கினால் வலி கூடும். வயிற்றுத் தசைக்குள் சின்ன ரத்தக்குழாய் கிழிந்து கசிகிறது என்று பொருள். மறுநாள் தோல் நீலம் பாரிக்கலாம். வெளியே ஒரு சொட்டும் வராமல் உள்ளே ஒரு லிட்டர்கூடச் சேர முடியும்.

இன்னொன்று முதுகெலும்பை ஒட்டிய தசைக்குள் கசிவது. இடுப்பும் தொடையிடுக்கும் வலிக்கும், காலை நீட்ட முடியாமல் மடக்கியே வைத்திருப்பார், தொடையின் முன்பக்கம் மரத்துப்போகும். மூட்டுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வலி என்றதும் பக்கத்துக் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட வேண்டாம். தசைக்குள் போடும் ஊசியே ரத்தக்கட்டை உண்டாக்கலாம். அதிலும் டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் இரைப்பையில் ரத்தக்கசிவைத் தூண்டும். மருத்துவமனையில் சிரை வழியாக வேறு வலிநிவாரணி தருவார்கள். வலி குறைந்தால் டாக்டரால் நோயைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும் என்ற பயம் தேவையில்லை.

மலம் கறுப்பாகப் போகிறது. இரும்புச்சத்து மாத்திரையாலா?

இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும். ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு, தனி நாற்றத்தோடு போனால் இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தக்கசிவு. தலைசுற்றல், எழுந்து நின்றால் கண் இருட்டுதல் சேர்ந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு.

மருந்துக் கடையில் பேதிக்கு மாத்திரை வாங்கலாமா?

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரினோ, அதே வகையான அசிட்ரோமோ சாப்பிடுபவர் என்றால், கேட்காமல் வாங்காதீர்கள். பேதிக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாகத் தரப்படும் மெட்ரோனிடசோல், வார்ஃபாரினின் வேகத்தைக் கூட்டி, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவை எகிற வைக்கும். பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோலும், கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் அப்படியே. பேதியால் சாப்பாடு குறைவதும் ஐஎன்ஆரை ஏற்றும். வழக்கமான இலக்கு 2 முதல் 3. மருந்து சேர்ந்த சில நாளில் அது அபாய அளவுக்குப் போய், வயிற்றுக்குள் கசிவில் முடிவது உண்டு.

மாத்திரையே வயிற்றுவலி தருமா?

தரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் டாபிகட்ரான் சிலருக்கு நெஞ்செரிச்சலும் மேல்வயிற்று வலியும் தரும். ஒரு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி, முழுதாக விழுங்க வேண்டும், காப்ஸ்யூலைப் பிரிக்கக் கூடாது. இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிகாக்சின் சாப்பிடுபவருக்குப் பசியின்மை, குமட்டல், வயிற்றுவலி, பார்வையில் மஞ்சள் சாயல் என்றால் மருந்து உடலில் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டதோ என்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கும், பேதியால் உடல் வற்றியவர்களுக்கும் இது சீக்கிரம் வரும்.

வலி வந்ததும் ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். கடுமையான வலியோ கறுப்பு மலமோ இருந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவமனையில் இருக்க வேண்டும், தருவதா நிறுத்துவதா என்று அங்கே சொல்வார்கள். அடைப்பு என்றால் நிறுத்துவது கேடு, கசிவு என்றால் தொடர்வது கேடு.

வேறு காரணங்களுக்காக நிறுத்துவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல் பிடுங்க வேண்டும் என்று நிறுத்துவது, விரதம் என்று நிறுத்துவது, தீர்ந்துபோய் அடுத்த மாசம் வாங்கிக்கலாம் என்று விடுவது எல்லாம் நடக்கிறது. அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற புது மாத்திரைகளின் வேலை ஒரு நாளிலேயே பெருமளவு வடிந்துவிடும். அவற்றுக்குப் பதிலாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்வதும் ஈடாகாது. ஏ.எஃப். உண்டாக்கும் கட்டியைத் தடுப்பதில் ஆஸ்பிரின் மிகவும் பலவீனம்.

வால்வு சுருங்கியவருக்கு ஏன் புது மாத்திரை தருவதில்லை?

சின்ன வயதில் வந்த ரூமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, அதனால் ஏ.எஃப். வந்தவர்கள் இந்தியாவில் இன்னும் நிறைய. இளம் வயதுப் பெண்களும் அதில் உண்டு. 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு, ரூமாட்டிக் இதய நோயும் ஏ.எஃப்.பும் உள்ள 4,500க்கும் மேற்பட்டவர்களிடம் ரிவராக்சபானையும் வார்ஃபாரின் வகையையும் ஒப்பிட்டது. வார்ஃபாரின் வகை எடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. அதனால் இவர்களுக்கு ஐஎன்ஆர் பார்த்துப் பார்த்து அசிட்ரோம் தருவதே வழக்கம். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று அதை விட்டுவிட வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். 35 வயதுப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் வால்வு நோய் உண்டா என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

அப்பெண்டிக்ஸ், பித்தப்பை ஆபரேஷன் அவசரமாகத் தேவைப்பட்டால்?

செய்யலாம். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதுதான் மயக்க மருந்து டாக்டரின் முதல் கேள்வியாக இருக்கும். வார்ஃபாரினின் வேலையை முறிக்க வைட்டமின் கே, ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களின் செறிவு ஆகியவையும், டாபிகட்ரானுக்கு இடாருசிசுமாப் என்ற முறிவு ஊசியும் உண்டு. காத்திருக்க முடிந்தால் சில மணி நேரம் காத்திருப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். அது விட்டுப்போகும் இடைவெளியில்தான் கட்டி புறப்படுகிறது.

ஏ.எஃப். இருக்கிறதா என்றே தெரியாதவர்களுக்கு?

பலருக்கு ஏ.எஃப். எந்தத் தொந்தரவும் தராது. 65 வயதைத் தாண்டியவர்களின் மணிக்கட்டில் மாதம் ஒருமுறை விரலை வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். துடிப்புகள் தாறுமாறாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்தால் இசிஜி எடுக்க வேண்டும். வயிற்றுவலியோடு வரும் முதியவருக்கும் இசிஜி கட்டாயம். மேல்வயிற்று வலியாக வரும் மாரடைப்பும் அதில் தெரியும். கணைய அழற்சி, வயிற்றில் சீழ் போன்ற கடும் நோய்களே புதிதாக ஏ.எஃப்.பைக் கிளப்பிவிடுவதும் உண்டு.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறார், நான் வெளியூரில். போனில் என்ன சொல்வது?

சாப்பிட, குடிக்க எதுவும் வேண்டாம். விளக்கெண்ணெய், எனிமா வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. பக்கத்து வீட்டுக்காரர் யாராவது கூடப் போகட்டும். சிடியும் சர்ஜனும் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போகச் சொல்லுங்கள். சின்ன கிளினிக்கில் இறங்கினால் இரண்டு மணி நேரம் அங்கேயே போய்விடும்.

இப்போதே செய்து வைக்க ஒரு வேலை இருக்கிறது. ஒரு அட்டையில் தமிழில் எழுதி மாத்திரை டப்பாவோடு வையுங்கள்: ஏ.எஃப். உண்டு, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, கடைசி ஐஎன்ஆர், கடைசி கிரியாட்டினின் அளவு, உங்கள் போன் எண். வலி தொடங்கிய மணியையும் கடைசி மாத்திரை போட்ட மணியையும் கூடப் போகிறவர் பேனாவால் எழுதிக்கொள்ள அட்டையின் கீழே இடம் விடுங்கள்.